ஈயச் சொம்பு உருகிய கதையும் பித்தளை அடுக்குக்கு ஈயம் பூசிய கதையும்

தப்பு என்னுடையதுதான். இரண்டு பர்னர் அடுப்பு. இடது பக்கம் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தேன், வலது பக்கம் முந்தைய நாள் ரசம் காலியாகி, கழுவி வெறுமனே வைத்திருந்த ஈயச் சொம்பு. திருகியது வலது பக்கத்துக் குமிழை. அந்த நேரம் பார்த்து வேலையிடத்திலிருந்து அழைப்பு. ஹாலில் நின்று மூன்று நிமிடம் பேசிவிட்டுத் திரும்பினால் டீத்தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருக்கிறது, சொம்புக்கு அடியைக் காணோம். கழுத்து மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்க, பர்னர் மேல் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு குட்டை, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கீழ்த் தட்டில் விழுந்துகொண்டிருக்கிறது.

அடுப்பை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உருகிய உலோகத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, நீராவி வெடித்து முகத்தில் தெறிக்கும். ஆறிய பிறகு கரண்டிக் காம்பால் நெம்பினேன், முறுகலான தோசை கல்லை விட்டு வருகிற மாதிரி மொத்தமும் பர்னரை விட்டு உரிந்து வந்தது. ஒரு துளி கூட ஒட்டவில்லை. அப்போது அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தேன், இரண்டு வாரம் கழித்து அதே குணம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

கும்பகோணத்திலிருக்கும் அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். "வெறுஞ்சொம்ப அடுப்புல வைக்காதேன்னு உங்க பாட்டி எனக்குச் சொன்னா, நான் உனக்குச் சொன்னேன். நீ யார் சொல்லிடா கேட்டே?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

சொம்பு என்பது பேருக்குத்தான் ஈயம், அது வெள்ளீயம். உருகுநிலை 232 டிகிரி. காரீயம் கூட 327 வரை தாங்கும், செம்பு 1085 வரை. அடுப்புத் தீயோ ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அப்படியிருந்தும் இத்தனை வருடம் சொம்பு பிழைத்தது உள்ளே இருந்த ரசத்தால்தான். தண்ணீர் இருக்கும்வரை உலோகத்தின் சூடு நூறைத் தாண்டிப் பெரிதாக ஏறாது, வருகிற சூட்டையெல்லாம் தண்ணீரே வாங்கிக்கொள்ளும். அதனால்தான் ஈயச் சொம்பில் நேரடியாக எண்ணெய் விட்டுத் தாளிக்கக் கூடாது என்பார்கள். கடுகு வெடிக்கிற எண்ணெயின் சூடு இருநூறை ஒட்டியே இருக்கும், கொஞ்சம் அசந்தால் கடுகோடு சொம்பும் போய்விடும்.

பெயர்க் குழப்பத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் வெள்ளீயத்தையும் ஈயம் என்பார்கள், காரீயத்தையும் ஈயம் என்பார்கள். ஊரில் அலுமினியப் பாத்திரத்துக்கே ஈயப் பாத்திரம் என்றுதான் பெயர். ஒன்று சாப்பாட்டுக்கு ஆகும், ஒன்று விஷம், மற்றது வேறு உலோகமே. பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக்கொண்டு போனார், அவருக்கு எடைதான் கணக்கு. நமக்கு அப்படி இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

அடுத்த யோசனை உடனே வந்தது. மேல் அலமாரியில் அம்மா கொடுத்தனுப்பிய பித்தளை அடுக்குப் பாத்திரம் ஒன்று ஆறு வருடமாகத் தூங்குகிறது. உள்பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிய ஆரம்பித்ததும் எடுத்து வைத்ததுதான். பூச்சில்லாத பித்தளையில் புளி ஊற்றினால் செம்பு கரைந்து இறங்கும், குழம்பு கைக்கும், களிம்பு ஏறும், வயிற்றைப் புரட்டும். ஊரில் என்றால் "ஈயம் பூசுறதே" என்று தெருவில் கூவிக்கொண்டு ஒருவர் வருவார், திண்ணையோரம் குழி தோண்டி, துருத்தி வைத்து, அரை மணியில் முடித்துக் கொடுப்பார். நான் இருப்பது சிங்கப்பூரில். சிராங்கூன் சாலைப் பக்கம் நான்கு பாத்திரக் கடைகளில் விசாரித்தேன். நான்கு இடத்திலும் ஒரே பதில், ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள் என்று.

என் வேலை மின்னணுப் பலகைகளைப் பழுது பார்ப்பது. நாள் முழுக்க ஈயப்பற்று வைக்கிற, அதாவது சால்டரிங் செய்கிற ஆள் நான். ஈயம் பூசுவது என்பது பெரிய அளவில் ஈயப்பற்று வைப்பதுதானே, உருகிய சொம்பையே எடுத்து அடுக்குக்குப் பூசிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஒரு பாத்திரம் செத்து இன்னொன்றுக்கு உயிர் கொடுக்கட்டும். நல்ல கதையாகவும் இருக்கும்.

பூசுவதற்கு முன்னால் சொம்பு உண்மையிலேயே வெள்ளீயமா என்று பார்க்க வேண்டும். சமையல் தராசில் துண்டுகளை எடை போட்டேன், 412 கிராம். தராசின் மேல் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து, பூஜ்யமாக்கி, துண்டுகளை நூலில் கட்டி அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 56 காட்டியது. அந்த 56 கிராம் துண்டுகள் விலக்கிய தண்ணீரின் எடை, அதாவது அவற்றின் கொள்ளளவு 56 கன சென்டிமீட்டர். 412ஐ 56ஆல் வகுத்தால் 7.36. வெள்ளீயத்தின் அடர்த்தி சுமார் 7.3, காரீயம் 11.3. வெள்ளை வெளேரென்று சுத்தம் என்று மனைவியிடம் பெருமையடித்தேன்.

ராத்திரி படுத்த பிறகுதான் கணக்கு உறுத்தியது. சுத்த வெள்ளீயம் என்றால் 412 கிராமுக்கு 56.5 காட்ட வேண்டும். நூற்றுக்கு மூன்று பங்கு காரீயம் கலந்திருந்தால் 56க்குக் கொஞ்சம் கீழே. என் தராசு ஒரு கிராமுக்குக் கீழே பேசாது. அதாவது பாதிக்குப் பாதி கலப்படம் என்றால் இந்தச் சோதனை பிடித்துவிடும், நூற்றுக்கு மூன்று என்றால் கோட்டை விட்டுவிடும். உணவுப் பாத்திரத்தில் நூற்றுக்கு மூன்றே அதிகம். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை, அதுவும் குழந்தைகள் விஷயத்தில்.

துவாசில் பழைய உலோகம் வாங்கி விற்கும் இடத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவி வைத்திருப்பார்கள், உலோகத்தின் மேல் வைத்து விசையை அழுத்தினால் சில விநாடியில் என்னென்ன எத்தனை பங்கு என்று திரையில் வந்துவிடும். ஒரு துண்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து கொடுத்தேன். வெள்ளீயம் 96.1, காரீயம் 3.2, மீதி செம்பும் ஆண்டிமனியும். மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தட்ட அதே எண்கள். அவர் சாதாரணமாகச் சொன்னார், எனக்குத்தான் வயிற்றில் என்னவோ செய்தது. எட்டு வயது மகள் வாரத்துக்கு மூன்று நாள் குடித்த ரசம் அது. புளியும் தக்காளியும் கொதிக்கிற பாத்திரம். அடுத்த மருத்துவச் சோதனையில் அவளுக்கு ரத்தத்தில் காரீய அளவையும் பார்க்கச் சொன்னோம், கவலைப்படும்படி இல்லை என்று வந்தது. அதன் பிறகுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

ஆக, நல்ல கதை அங்கேயே முடிந்தது. சொம்புத் துண்டுகள் அடுக்குக்குள் போகக் கூடாது.

இணையத்தில் 99.9 சதவீதச் சுத்த வெள்ளீயக் குச்சிகள் கிடைத்தன, 150 கிராம், 18 வெள்ளி. வந்ததும் முதல் வேலையாக மகளைக் கூப்பிட்டு ஒரு குச்சியைக் காதருகே வைத்து வளைத்துக் காட்டினேன். கரகரவென்று, உலர்ந்த சருகை மிதிப்பது போல ஒரு சத்தம் வரும். உள்ளே இருக்கும் படிகங்கள் வளைக்கும்போது சட்சட்டென்று திசை மாறி மடிவதால் வருவது. "அழுவுதாப்பா?" என்று கேட்டாள். ஆங்கிலத்திலும் இதற்கு வெள்ளீயத்தின் அழுகை என்றுதான் பெயர், அவளுக்கு அது தெரியாது. நான்கு குச்சியையும் அவளே வளைத்துத் தீர்த்துவிட்டாள். பூசும்போது கோணல் குச்சிகளோடு போராட வேண்டியிருந்தது.

முதல் முயற்சி வீட்டுச் சமையலறையில். செய்யக் கூடாது, செய்தேன். அடுக்கைப் புளி, உப்பு, மணல் போட்டுத் தேய்த்தேன், பாத்திரச் சோப்பு போட்டுக் கழுவினேன், அடுப்பில் கவிழ்த்துச் சூடேற்றினேன். வேலையிடத்திலிருந்து எடுத்து வந்த அகச்சிவப்பு வெப்பமானியால் குறி வைத்தால் 140 டிகிரி காட்டியது. இன்னும் போதாது என்று தீயைக் கூட்டினேன். 150. இன்னும் கூட்டினேன். பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி பொய் சொல்லும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். கண்ணாடி போல் மின்னும் பரப்பு தன் சூட்டை மிகக் குறைவாகவே வெளியே வீசும், கருவி பார்ப்பது பாதிக்கு மேல் எதிர்ச் சுவரின் பிம்பத்தை. வேலையில் புதிதாக வருகிற பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பது. அன்றைக்கு என் சமையலறையில் எனக்கு நினைவு வரவில்லை. பித்தளை கறுத்துப்போனது. ஈயம் ஒட்டுவதற்காகப் போடும் நவச்சாரப் பொடியைத் தூவியதும் வெள்ளையாகப் புகை கிளம்பி, மூக்கும் கண்ணும் எரிந்து, வரவேற்பறையில் தீ எச்சரிக்கைக் கருவி கத்த ஆரம்பித்தது. குச்சியை வைத்தேன், உருகியது, ஆனால் பாதரசம் மாதிரி உருண்டை உருண்டையாகத் திரண்டு அடுக்குக்குள் ஓடி விளையாடியது. எங்கேயும் ஒட்டவில்லை.

பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் தட்டி, எல்லாரும் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். மனைவி அன்று எதுவும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

ஏன் ஒட்டவில்லை என்பது வேலையில் தினமும் பார்க்கிற சங்கதி. உருகிய ஈயம் சுத்தமான செம்பையோ பித்தளையையோ தொட்டால் பரவும், நனைக்கும், பரப்பில் ஒட்டுவதோடு நிற்காமல் செம்போடு சேர்ந்து இடையில் மெல்லிய கலவை ஒன்று உருவாகும். அதனால்தான் உரித்தால் வராது. ஆனால் நடுவில் ஆக்சைடு படலம் இருந்தால் அது தொடுவதே இல்லை. என் அடுப்புப் பர்னரிலிருந்து சொம்பு தோசையாக உரிந்து வந்ததும் இதனால்தான், பர்னர் முழுக்க ஆக்சைடும் எண்ணெய்க் கரியும். நவச்சாரம் செய்வது அந்தப் படலத்தை நீக்குவது. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் பிரியும், அந்த அமிலம் ஆக்சைடைத் தின்றுவிடும். ஆனால் நான் ஏற்றியிருந்த சூட்டில் நவச்சாரம் வேலை செய்வதற்கு முன்பே புகையாய்ப் போய்விட்டது, பித்தளையோ புதுசு புதுசாகக் கறுத்துக்கொண்டே இருந்தது.

இரண்டாம் முயற்சிக்குக் காக்கி புக்கிட் போனேன். அங்கே கார்ப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் மலேசியாவின் ஈப்போக்காரர், என்னைவிட இளையவர். பெரிய காஸ் பர்னர், இடுக்கி, கூரையை ஒட்டி ராட்சத மின்விசிறி, நான்கு பக்கமும் திறந்த காற்று. விஷயத்தைச் சொன்னதும், "ஈயமாண்ணே? எங்க தாத்தா ஈயக் கப்பல்ல வேலை செஞ்சவரு" என்றார். கப்பல் என்றால் கடலில் போவது இல்லை, குட்டைக்குள் மிதந்தபடியே மண்ணைத் தோண்டித் தோண்டிக் கழுவி ஈய மணலைப் பிரிக்கும் ராட்சத இயந்திரம். பத்து காஜா பக்கம் தஞ்சோங் துவாலாங்கில் 1938ல் கட்டிய கப்பல் ஒன்றை இன்னும் பார்க்கலாம், 1982 வரை ஓடியது. கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க இப்போது ஏரி ஏரியாகத் தெரிவதில் பல, அந்தக் காலத்து ஈயக் குட்டைகள்தான். அந்த வட்டாரத்து ஈய மணலை உருக்க நம் தீவிலேயே உலை இருந்தது. அந்த உலையை ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி 1890ல் பிரானித் தீவில் தொடங்கியது. செந்தோசாவுக்குப் போகும்போது கொள்கலன்கள் அடுக்கியிருக்கும் இடமாகக் கண்ணில் படுமே, அதுதான் பிரானித் தீவு.

சரி, வேலைக்கு வருகிறேன். இந்த முறை பரப்பை மிகப் பொறுமையாகத் தயார் செய்தேன். கறுப்பு போகும்வரை எமரித் தாள், பிறகு புளியும் உப்பும், பிறகு வெந்நீர், அதன் பிறகு உள்பக்கம் விரல் படவே இல்லை. தண்ணீர் ஊற்றிச் சாய்த்தால் முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே படலமாக வழிய வேண்டும், அப்படி வழிந்தால் எண்ணெய்ப் பசை இல்லை என்று அர்த்தம். சோப்பை நம்பியது முதல் முறை செய்த இன்னொரு தப்பு.

வெப்பமானியைப் பையிலேயே விட்டுவிட்டேன். வெள்ளீயக் குச்சியே வெப்பமானி. அடுக்கை இடுக்கியில் பிடித்துத் தீயின் மேல் சாய்த்துச் சுற்றிக்கொண்டே, அவ்வப்போது குச்சியால் உள்சுவரைத் தொட்டேன். தொட்டேன், கீறல்தான். தொட்டேன், கீறல்தான். திடீரென்று குச்சி முனை வெண்ணெய் மாதிரி வழுக்கியது. அந்த இடம் 232 டிகிரி, பொய் சொல்ல வழியே இல்லை. உடனே அடுப்பை விட்டு அரை அடி தூக்கி, நவச்சாரம் ஒரு சிட்டிகை, குச்சியால் ஒரு கோடு, பஞ்சை மடித்துச் சுற்றிய துணியால் ஒரே இழுப்பு. மஞ்சளாக இருந்த இடம் துணி போன வழியெல்லாம் வெள்ளிக் கண்ணாடியாக மாறியது. நண்பர் "பெர்ஹ்" என்று வாயைப் பிளந்தார். எனக்குக் கை நடுங்கியது, சந்தோஷத்தில் பாதி, இடுக்கியின் கனத்தில் பாதி.

அப்புறம் ஒரு தாளம் பிடிபட்டது. சூடு, சிட்டிகை, கோடு, இழுப்பு. ஒரு கையகல இடம் முடிந்ததும் அடுக்கைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். துணியை வட்டமாகத் தேய்க்கக் கூடாது, ஒரே திசையில் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆக்சைடுக் கசடு மறுபடி உள்ளேயே போய்ப் புள்ளி புள்ளியாக நிற்கும். பூச்சு மஞ்சள் கலந்து மங்க ஆரம்பித்தால் சூடு அதிகம், தூக்கிவிட வேண்டும். திட்டுத் திட்டாகத் தடித்தால் சூடு போதவில்லை. அடிப்பக்கம் சுலபம், விளிம்புதான் கஷ்டம், தீ அங்கே எட்டாது. கைப்பிடிக்குக் கீழே ஓர் இடத்தில் மூன்று முறை முயன்றும் ஒட்டவே இல்லை. முழுக்க முடித்து, கொஞ்சம் ஆறவிட்டுத் தண்ணீரில் அமிழ்த்தினேன். நாற்பது நிமிடம் ஆனது. ஊரில் பூசுபவர் இதைச் சிரித்தபடி ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிச்சக் குச்சிகளும் சிந்திய துளிகளும் போக அடுக்கில் ஏறியது சுமார் 44 கிராம். அடுக்கின் உள்விட்டம் 24 சென்டிமீட்டர், உயரம் 16. பரப்பு 1,650 சதுர சென்டிமீட்டர் சொச்சம். அப்படியானால் பூச்சின் தடிமன் 36 மைக்ரான் வரும், தலைமுடியில் ஏறக்குறைய பாதி. கையால் இழுத்ததில் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். ஒப்பிட வேண்டுமானால் மைலோ டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி டப்பாத் தகரம் எஃகுத் தகடுதான், மேலே வெள்ளீயம் சாதாரணமாக ஒன்றரை மைக்ரானைத் தாண்டாது. கோப்பிக்கடைக்காரர்கள் அந்தக் காலத்தில் காலிப் பால் டின்னில் கோப்பி ஊற்றிக் கயிறு கட்டிக் கொடுத்தார்களே, அதே தகடு. அதில் கீறல் விழுந்தால் எஃகு இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும், துத்தநாகப் பூச்சு மாதிரி வெள்ளீயம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றுவதில்லை.

பூசிய அடுக்கைப் பார்த்த மனைவி கேட்ட முதல் கேள்வி, இதைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா என்பது. எங்கேயோ படித்திருக்கிறார், குளிரில் வெள்ளீயம் பொடியாகிவிடும் என்று. உண்மைதான். 13 டிகிரிக்குக் கீழே வெள்ளீயம் மெதுவாகச் சாம்பல் நிற வடிவத்துக்கு மாறலாம், மாறும்போது கால் பங்குக்கு மேல் பருத்து நொறுங்கிப் பொடியாகும். ஆனால் அந்த மாற்றம் உறைநிலைக்கு வெகு கீழே, நீண்ட காலம் கிடந்தால்தான் வேகம் பிடிக்கும். ஒரு ராத்திரி மிச்சக் குழம்புக்கு ஒன்றும் ஆகாது. வேடிக்கை என்னவென்றால் கொஞ்சம் காரீயமோ ஆண்டிமனியோ கலந்தால் இந்த நோயே கிட்ட வராது. என் பழைய சொம்பு அந்த வகையில் நூறு வருடம் இருந்திருக்கும்.

பூச்சுக்கு இரும்புக் கம்பி நார் வேண்டாம், வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்ற வேண்டாம், வறுக்க வேண்டாம். மூன்றையும் காகிதத்தில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தேவைப்படுகிறது.

சொம்புத் துண்டுகளைப் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போட மனசு வரவில்லை. பழைய இரும்புக் கரண்டியில் வைத்துப் பட்டறையிலேயே உருக்கி ஒரு கட்டியாக்கினேன், காற்றில் ஆடி அறையாமல் பால்கனிக் கதவுக்கு அணையாக நிற்கிறது. மகள் அதைத் தொட்டால் கை கழுவ வேண்டும் என்பது சட்டம்.

போன ஞாயிறு புது அடுக்கில் முதல் ரசம். அம்மாவை அழைத்து, அடுக்கைச் சாய்த்து உள்ளே காட்டினேன். பளபளப்பு அதற்குள் கொஞ்சம் மங்கியிருந்தது, அது வழக்கம்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"கைப்பிடிக்குக் கீழ மஞ்சளா தெரியுதே, அது என்ன?"

ஒட்டாத இடம் என்றேன்.

"அப்ப அதுக்குக் கீழவரைக்கும் மட்டும் ரசம் ஊத்து. தீபாவளிக்கு வரும்போது எடுத்துட்டு வா, நம்ம ஆளு கிட்ட குடுத்து நல்லா பூசித் தரேன்."